அன்றில் கொடைக்கு நாலரை மாதம் குறைவு

1

இந்தக் கதை ஒரு தேதியிலிருந்து வந்தது. மார்ச் இருபத்தேழு. அது மட்டும் எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அது தாளில் இருந்தது. தாளில் இல்லாதவற்றை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். சுமியே என்ற பெண் அன்று சிரித்தாள் என்று முதல் வரைவில் எழுதினேன். இரண்டாம் வரைவில் சிரிப்பை எடுத்துவிட்டேன். மூன்றாம் வரைவில் பாதிச் சிரிப்பு வைத்தேன். ஒரு மனித முகத்தில் பாதிச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு அதையும் அடித்தேன்.

நான் ஜப்பானில் மாருகமே என்ற ஊரில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளனாக இருந்தவன். வீடு கைமாறினாலும் கம்பெனி பிறந்தாலும் ஆள் செத்தாலும் தாள் எங்கள் மேசைக்கு வரும். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. எனவே பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. ஊரை மாற்றினால் இவர்கள் குடிக்கும் நூடுல்ஸ் சாறு மாறிவிடும், சாறு மாறினால் பேச்சு மாறிவிடும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

நவம்பர் மாதத்தின் ஒரு சாம்பல் நிறக் காலையில், வாழ்க்கை முழுவதும் பிறரைச் சுமந்து சென்ற ஒரு மனிதர் —

(வேண்டாம். அவர் பஸ் ஓட்டுநர். அதைச் சொல்ல இத்தனை சுற்று எதற்கு?)

இரண்டாம் முயற்சி. மனபே இசாவோவுக்கு ஐம்பத்துநான்கு வயது. தனியார் கம்பெனியில் பஸ் ஓட்டுகிறார். அவர் மனைவி சுமியே வீட்டின் கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, ஒரு வெந்நீர்ப் பானை, வெளியே சுழலும் சிவப்பு நீல வெள்ளைக் கம்பம். நான் முடி வெட்டிக்கொள்வதும் அங்கேதான். வீடு இசாவோவின் பெயரில். கடன் அடைந்துவிட்டது. அந்த வீட்டைத் தவிர அவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பிள்ளைகளும் இல்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஆறு அறை கொண்ட பழைய மரக்கட்டடம் ஒன்று விலைக்கு வந்தது. மேலே மூன்று குடித்தனம், கீழே மூன்று, பக்கவாட்டில் துருப்பிடித்த இரும்புப் படி. ஓய்வுக்குப் பிறகு வாடகையில் வாழலாம் என்று இசாவோவுக்கு ஆசை. ஆனால் அவர் ஆசைப்படுவதற்கு முன்பே பயப்படுகிறவர். வாடகைவீட்டு முதலாளிகள் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்பதைப் பற்றி ஏழு புத்தகம் வாங்கிப் படித்து, பக்க ஓரங்களில் பென்சிலால் கோடிட்டு, எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்.

"சார், அந்தப் படி உடைஞ்சு யாராவது விழுந்துட்டா வீட்டுக்காரன்தான் பொறுப்பாம். நமக்குத் தெரியாதுன்னு சொன்னாலும் விடமாட்டாங்களாம்" என்றார்.

என் முதலாளி கோதா சார் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் அது ஆமாம் என்றும் இருக்கலாம், மேலே சொல் என்றும் இருக்கலாம்.

"அதனால கட்டடத்தை ஒரு கம்பெனி பேர்ல வாங்குறேன். விழுந்தவங்க கம்பெனியைத்தானே கேப்பாங்க. என் வீட்டை, அவ கடையைத் தொட முடியாதுல்ல?"

"கம்பெனிக்கு வங்கி கடன் குடுக்கும். ஆனா நீங்க சொந்த ஜாமீன் முத்திரை குத்தணும்னு கேக்கும்" என்றார் கோதா சார். (எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரைதான்.) "குத்தினீங்கன்னா முன்வாசலைப் பூட்டிட்டுப் பின்வாசலைத் திறந்து வெச்ச மாதிரி."

சுமியே கணவரின் கையிலிருந்த ஏழாவது புத்தகத்தைப் பார்த்தாள். "இது எந்தப் புத்தகத்துல இருந்துச்சு, பெரிய மனுஷரே?"

"ஏழாவதுல. இன்னும் கடைசி அத்தியாயம் படிக்கல."

3

இங்கே ஒரு சட்ட விஷயம் சொல்லியாக வேண்டும். சட்டத்தைக் கதைக்குள் வைப்பது சோற்றுக்குள் கல் வைப்பது போல என்பார்கள். ஆனால் இந்தக் கதையில் கல்தான் சோறு.

பின்வாசலையும் பூட்ட ஒரு வழி இருந்தது. வீட்டை முன்கூட்டியே மனைவி பெயருக்கு மாற்றிவிடுவது. அப்புறம் கணவன் எத்தனை ஜாமீன் குத்தினாலும் வீடு அவன் சொத்து அல்ல. வழக்கமாக இப்படிக் கொடுத்தால் கொடைவரி ஆளையே விழுங்கிவிடும். ஆனால் கல்யாணமாகி இருபது வருடம் முடித்த தம்பதிக்கு, குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, பெரிய அளவு வரிவிலக்கு உண்டு. பிரியாத ஜோடிப் பறவையின் பெயரை அந்த விதிக்குச் செல்லமாக வைத்திருக்கிறார்கள். அன்றில் கொடை.*

"எங்களுக்கு இருபது முடிஞ்சிடுச்சு சார்!" சுமியேவுக்குக் குரல் உயர்ந்தது. "போன ஒன்பதாம் தேதிதான். வெந்நீர் ஊற்றுக்குப் போயிட்டு வந்தோம். இவர் நண்டு தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டாரு."

"அப்போ குடும்பப் பதிவேட்டு நகல் மட்டும் எடுத்துட்டு வாங்க."

இசாவோ ஜன்னலைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். இல்லை, கவனித்ததாக இப்போது எழுதுகிறேன். அன்று கவனித்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன் அல்லவா?

* அந்தப் பறவை நிஜத்தில் வருடத்துக்கு வருடம் ஜோடி மாற்றும் என்று கோதா சார் எல்லாத் தம்பதிகளிடமும் சொல்வார். முத்திரை குத்தி முடித்த பிறகுதான் சொல்வார்.

4

நகலை சுமியேதான் நகரசபையிலிருந்து வாங்கி வந்தாள். உறையைப் பிரிக்காமலே கொடுத்தாள். கோதா சார் படித்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "கண்ணாடி மங்கலா இருக்கு, தேதியை நீ படி" என்றார். அவர் கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

கல்யாண விருந்து நடந்தது நவம்பர் ஒன்பது. ஆனால் சட்டத்துக்கு விருந்து தெரியாது. படிவம் நகரசபையில் சேர்ந்த நாள்தான் கல்யாணம். பதிவேட்டில் இருந்த தேதி அதற்கு அடுத்த மார்ச் இருபத்தேழு.

நான் சத்தமாகப் படித்தேன்.

சுமியே விரலை மடக்கி எண்ணினாள். நவம்பர், டிசம்பர்…

"நாலரை மாசம்" என்றாள். "மறுநாளே போய்க் குடுத்துட்டேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"அப்போ அந்த நாலரை மாசம் உங்க வீட்ல சோறாக்கிப் போட்டவ யாரு? வாடகைக்கு இருந்தவளா?"

(இந்த இடத்தில்தான் சிரிப்பு. அல்லது சிரிப்பின்மை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

"சுமி, அது வந்து —"

அவர் முடிக்கவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்காத மனிதரை எழுதும்போது அதை முடித்துவைக்க எனக்குக் கை அரிக்கிறது. அரிக்கட்டும்.

கோதா சார் நிலைமையைச் சொன்னார். கட்டடத்தை விற்பவர் பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். வருடக் கடைசிக்குள் பணம் வேண்டும் என்கிறார். இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டிருக்கிறான். மார்ச் இருபத்தேழு வரை அன்றில் கொடை கிடையாது. ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது.

சுமியே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கடையில ஆளு காத்திருக்கும்." அன்று திங்கட்கிழமை. ஊரில் முடிதிருத்தும் கடைகளுக்கெல்லாம் விடுமுறை நாள்.

5

ஒரு மனிதன் ஒரு படிவத்தை நாலரை மாதம் இழுப்பறையில் வைத்திருக்கிறான். ஏன்? எழுதுகிறவனாக நான் மூன்று காரணம் தயாரித்தேன்.

அ) மனசு மாறிவிட்டது. வேறொருத்தி. (இசாவோவைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தூங்கிப்போய் தன் நிறுத்தத்தைத் தவறவிட்ட பயணியிடம்கூடத் தானே மன்னிப்புக் கேட்கிற ஆள்.)

ஆ) மறதி. (ஏழு புத்தகத்தைக் கோடிட்டுப் படிக்கிறவருக்கு மறதியா?)

இ) நல்ல நாள் பார்த்தார். (நாலரை மாதத்தில் ஒரு நல்ல நாள்கூடவா வரவில்லை?)

மூன்றையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை மதியம், கோதா சார் சாப்பிடப் போயிருந்தபோது, இசாவோ பஸ் சீருடையிலேயே வந்தார். தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தேதியை மாத்த வழி இருக்கா?"

"இல்ல."

"இருக்காதுன்னு தெரியும். சும்மா கேட்டேன்."

அப்புறம் சொன்னார். அவர் ஏழெட்டு வாக்கியத்தில்தான் சொன்னார். நான் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

கல்யாணப் படிவத்தில் இரண்டு சாட்சிகளுக்குக் கட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் குத்தலாம், தெருவில் போகிறவர்கூட. ஆனால் அவர்கள் வழக்கப்படி இரண்டு வீட்டு அப்பாக்களும் குத்துவதுதான் மரியாதை. சுமியேவின் அப்பா விருந்தன்றைக்கே இடது கட்டத்தில் குத்திவிட்டார். இசாவோவின் அப்பா பக்கத்து ஊரான ஜென்ட்சூஜியில் வயல் வைத்திருந்தவர். மருமகள் வயல்வீட்டுக்கு வராமல் டவுனில் கடை போடப் போகிறாள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. விருந்துக்கு வந்தார், எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார், பாடக்கூடச் செய்தார். முத்திரையை மட்டும் எடுக்கவில்லை.

"விருந்துக்கு வந்தது ஊருக்காக. முத்திரை ஊருக்காகக் குத்துறதில்லடான்னுட்டாரு" என்றார் இசாவோ.

மறு ஞாயிறு போனார். அதற்கடுத்த ஞாயிறும். பத்தொன்பது ஞாயிறு. சாப்பாடு போட்டார்கள், முள்ளங்கி கட்டிக் கொடுத்தார்கள், முத்திரை கிடைக்கவில்லை. ஆனால் விருந்துக்கு மறுநாளே, படிவத்தைக் கொடுத்தாயிற்று என்று சுமியேவிடம் சொல்லிவிட்டிருந்தார். அந்தக் கட்டத்தில் வேறு ஆளின் பெயரைப் பார்த்து, மாமனார் மறுத்தது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. கடைசியில் பணிமனையில் சீனியர் ஓட்டுநர் ஒருவர் எதற்கு என்று கேட்காமல் குத்திக் கொடுத்தார். மார்ச் இருபத்தேழு.

"இதை அவங்ககிட்ட சொல்லிடலாமே?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? அப்பாவுக்குக் கை கால் விழுந்தப்புறம் ஆறு வருஷம் அவதான் பாத்துக்கிட்டா. தினம் காலைல முதல் சவரம் அவருக்குத்தான். நகத்தைக்கூட வேற யாரும் வெட்டக் கூடாதும்பாரு. 'உங்கப்பாவுக்கு என்னைக் கண்டா உசிரு'ன்னு இப்பவும் சொல்லிக்கிட்டிருக்கா. அதைப் போய் நான் ஏன் கெடுக்கணும்?"

"அவங்க உங்களைத் தப்பா நெனைப்பாங்களே."

"என்னை நெனைச்சுட்டுப் போகட்டும். நான் உயிரோட இருக்கேன், திட்டு வாங்கலாம்."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டையும் கடையையும் காப்பாற்ற ஏழு புத்தகம் படித்தவர், இருபது வருடமாக இன்னொன்றையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குக் கம்பெனி கிடையாது, விதி கிடையாது.

(மேலே உள்ள இரண்டு வாக்கியம் கொஞ்சம் அழகாகிவிட்டது. சந்தேகத்தோடு விட்டுவைக்கிறேன்.)

6

சனிக்கிழமை முடிவெட்டப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் முடி வளர்ந்திருந்தது.

சுமியே வழக்கம்போல வெட்டினாள். வழக்கத்துக்கு மாறாக வானொலியை நிறுத்தி வைத்திருந்தாள். நாற்காலியைச் சாய்த்து, முகத்தில் சூடான துணி போட்டு, நுரை தடவி, கத்தியை எடுத்தாள்.

"எழுத்தரே."

"ம்."

"நீங்கதான் புத்தகமாப் படிக்கிறவராச்சே. ஒருத்தன் எதுக்கு ஒரு தாளை ஒளிச்சு வெப்பான்?"

"ம்."

"அஞ்சு நாளா வீட்ல பேச்சில்ல. நேத்து நான் பல் தேய்க்கிற பிரஷ்ஷுல பசை போட்டு வெச்சிருக்காரு. அதான் மன்னிப்பாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வரல." கத்தி கன்னத்திலிருந்து தாடைக்கு வந்தது. "அந்தப் படிவம் இப்ப எங்க இருக்கும்? கிழிச்சிருப்பாங்களா?"

கிழிக்க மாட்டார்கள். அந்தத் தாள்களைச் சட்ட அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் வைத்திருப்பார்கள். தகுந்த காரணம் காட்டினால் சம்பந்தப்பட்டவர் கேட்டுப் பார்க்கலாம். எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்து நிமிடம் ஆகும். பார்த்தால் வலது கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று தெரிந்துவிடும்.

கத்தி என் தொண்டைக்கு வந்திருந்தது. தொண்டையில் கத்தி இருக்கும்போது பேசாமல் இருப்பது பொய்யாகாது என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

கத்தி அங்கேயே நின்றது. அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி. அசையாதீங்க" என்று மிச்சத்தை மழித்தாள். அன்றைக்கு மழித்த அளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் அவள் எனக்கு மழித்ததில்லை.

7

அடுத்த புதன்கிழமை இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கோதா சார் மூன்று வழி சொன்னார். கட்டடத்தை விட்டுவிடலாம். கொடைவரியைக் கட்டிவிட்டு இப்போதே வீட்டை மாற்றலாம், ஆனால் அப்புறம் கட்டடம் வாங்கக் கையில் காசு இருக்காது. அல்லது டிசம்பரில் கட்டடத்தை வாங்கி, ஜாமீனும் குத்திவிட்டு, மார்ச் இருபத்தேழு தாண்டியதும் வங்கிக்குச் சொல்லிவிட்டே வீட்டை மாற்றலாம்.

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?" இசாவோ கேட்டார்.

"படி உடைஞ்சு ஆள் விழுந்து, கம்பெனி முழுகிப்போச்சுன்னா, வங்கி உங்க ஜாமீனைப் பிடிச்சுக்கும். வீடு போகும், கடை போகும். அதுக்கப்புறம் அவசரமா மாத்தினாலும் செல்லாது. டிசம்பர்ல இருந்து மார்ச் இருபத்தேழு வரைக்கும் மூணரை மாசம் வீட்டுக்குக் காப்பு இல்ல."

"வேண்டாம் சார். விட்டுடலாம்" என்றார் இசாவோ. "எனக்குக் கட்டடம் இல்லாட்டி ஒண்ணும் குறைஞ்சிடாது."

சுமியே கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

"நான் நாலரை மாசம் காப்பில்லாம இவரோட இருந்தேன்" என்றாள். "ஒண்ணும் ஆகல. அந்த வீடு மூணரை மாசம் தாங்காதா?"

"சுமி, அது ஏன்னா, அன்னிக்கு நான் —"

"உங்களை யாரு கேட்டா? முத்திரையை எடுங்க. ரெண்டே காலுக்கு ஒருத்தர் சாயம் போட வர்றாரு."

இசாவோ முத்திரையை எடுத்துக் குத்தினார். முதல் முத்திரை கோணலாக விழுந்தது. "இருபது வருஷமா பஸ்ஸை நேரா ஓட்டுறவரு" என்றாள் அவள்.

8

கதைக்கு இப்போது முடிவு வேண்டும்.

ஒரு முடிவு எனக்குக் குளிக்கும்போது வந்தது. பிப்ரவரியில் இரும்புப் படி உடைகிறது, மேல்வீட்டுக்காரர் விழுகிறார், வீடு தொங்குகிறது, சுமியே மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறாள், அங்கே இசாவோ எல்லா உண்மையையும்… இதை ஒன்பது பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பொய்.

படி உடையவில்லை. அந்த மூன்றரை மாதமும் இசாவோ வேலைக்குப் போகும்முன் அங்கே போய், கீழிருந்து மேலாகப் பதினான்கு படியையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஒன்பதாவது படியின் ஓரம் கழன்றிருந்தது. விடுப்புப் போட்டுப் பதினான்கையும் மாற்றினார். கீழ்வீட்டு ஆள் ஒருவர் தூக்கம் கெடுகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட சுமியே, "என் முதுகை ஒரு நாள் இப்படித் தட்டிக் குடுத்திருக்கீங்களா?" என்று கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டாளாம். அன்றிரவு தட்டிக் கொடுத்தாரா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு முடிக்கத் தெரியாதது வேறு. அவர் சொல்ல வந்தபோதும் அவள் ஏன் காரணம் கேட்கவில்லை?

ஒருவேளை அவளுக்கு முன்பே தெரியும். ஆறு வருடத்தில் ஒரு காலை, முகத்தில் நுரையோடு, அந்தக் கிழவரே சொல்லியிருக்கலாம். அப்படியானால் அவளும் கணவருக்காக அதைக் காத்து வைத்திருக்கிறாள். அந்த ஐந்து நாள் கோபம் தேதிக்காக அல்ல, பொய்க்காக மட்டும்.

ஒருவேளை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அந்த நாற்காலியின் பின்னால், கத்தியைப் பிடித்தபடி முடிவு செய்தாள். என் முகத்தில் ஏதோ பார்த்திருக்கிறாள். அது தன் கணவரின் குற்றம் அல்ல என்பது மட்டும் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கலாம்.

ஒருவேளை —

இல்லை. மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு தாளை எங்காவது வைத்திருப்பார்கள். அதைக் கேட்பீர்களா மாட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

9

யார் என்ன ஆனார்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இவை தாளில் இருப்பவை.

மார்ச் இருபத்தேழு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. மறுநாள் திங்கள், கடைக்கும் விடுமுறை, இருவரும் சேர்ந்து வந்து வீட்டை மாற்றிக்கொண்டார்கள். பல் வைத்தியர் தன் பணத்தோடு மகள் ஊருக்குப் போனார். ஆறு அறையில் ஐந்தில் ஆள் இருக்கிறார்கள், ஆறாவதில் ஒழுகல். புகார் எழுதியவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வங்கிக் கடன் இன்னும் எட்டு வருடம். கோதா சார் எழுபத்தைந்தாவது வயதில் பெயர்ப்பலகையைக் கழற்றினார். அவரோடு நானும் வேலையை விட்டேன். சட்ட அலுவலகத்தில் அந்தப் படிவத்தின் இருபத்தேழு வருடம் முடிந்துவிட்டது, இனி யாரும் பார்க்க முடியாது. கடை நடக்கிறது. இசாவோ ஓய்வுபெற்றுவிட்டார். வீடு சுமியேவின் பெயரில் இருக்கிறது. அவர் அதில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்.